ஷார்ஜாவில் பிறந்த மகளுக்கு இந்திய பாஸ்போர்ட் எடுப்பது எப்படி?

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம் என் சொந்த ஊர். ஷார்ஜாவில் ஏழு வருடமாக ஏ.சி. பராமரிப்பு வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மனைவி குடும்ப விசாவில் என்னோடு இருக்கிறார். ஐந்து வாரத்துக்கு முன் எங்களுக்கு இங்கேயே பெண் குழந்தை பிறந்தது. ஜாதகம் பார்த்து ஊரில் இருந்து எழுத்து வரட்டும் என்று காத்திருந்ததில் பெயர் போன வாரம்தான் முடிவானது. அதனால் பிறப்புச் சான்றிதழும் இன்னும் வாங்கவில்லை.

கூட வேலை செய்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். “ஒரு வருஷம் டைம் இருக்கு, அவசரமே இல்லை” என்கிறார் ஒருவர். “இங்கே பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை கிடைப்பது கஷ்டம்” என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், “ஊரிலேயே பிறந்ததாக ஒரு பர்த் சர்டிஃபிகேட் வாங்கிவிடு, எல்லா அலைச்சலும் மிச்சம்” என்கிறார். என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. மனைவியின் பாஸ்போர்ட்டில் என் பெயர் ஏறவில்லை. அப்பாவுக்குப் போன ஆனியில் இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. பொங்கலுக்குப் பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. வழி சொல்லுங்கள் ஐயா.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஷார்ஜா

பதில்: தம்பி, முதலில் மகள் பிறந்ததற்கு வாழ்த்துகள். அப்பாவிடம் பொங்கலுக்குக் கூட்டி வருகிறோம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் நாளைக் காலை வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

உங்களைப் போல எழுதும் எல்லோரும் “பாஸ்போர்ட் எப்போது கிடைக்கும்” என்றுதான் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் இரண்டாவது காரியம். அதற்கு முன்னால் வேறொன்று இருக்கிறது: குழந்தையின் பிறப்பை இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்வது. உங்கள் மகளை இந்தியக் குடிமகள் ஆக்குவது அந்தப் பதிவுதான். பாஸ்போர்ட் அதற்குச் சாட்சி சொல்லும் புத்தகம். புத்தகம் தொலைந்தால் வேறொன்று வாங்கலாம். நாள் முடிந்தால் புதுப்பிக்கலாம். பதிவு தவறினால் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு வம்சாவளியாகக் குடியுரிமை வருவதைப் பற்றியது. முன்பெல்லாம் தந்தை இந்தியராக இருந்தால்தான் பிள்ளை இந்தியர். தாய் இந்தியராக இருந்து என்ன, சட்டம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 1992 டிசம்பர் 10 முதல் பிறந்தவர்களுக்கு இது மாறியது. தாய், தந்தை இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அடுத்த பெரிய மாற்றம் 2004 டிசம்பர் 3-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பெற்றோர் இந்தியர் என்பது மட்டும் போதாது. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தாக வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி பெற்றுத்தான் பதிய முடியும். பதிவு செய்யும்போது, குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே குடியுரிமை கிடைப்பது கஷ்டம் என்று உங்கள் நண்பர் சொன்னது சரியில்லை. நீங்கள் இருவரும் இந்தியர்கள். பதிவு செய்தால் உங்கள் மகள் முழு இந்தியக் குடிமகள். பிறந்த இடம் ஷார்ஜா என்று இருப்பதால் நாளை அவள் ஓட்டுப் போடுவதற்கோ, அரசு வேலைக்கு எழுதுவதற்கோ, ஊரில் வயல் வாங்குவதற்கோ ஒரு தடையும் இல்லை. அதே சமயம் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அமீரக மண்ணில் பிறந்ததால் மட்டும் அந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. அங்கேயும் இல்லை, இங்கேயும் பதியவில்லை என்றால் குழந்தை எந்த நாட்டுக்கும் உரியவள் இல்லாமல் நிற்பாள். நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு வருடமா, 120 நாளா?

“ஒரு வருஷம் டைம் இருக்கு” என்றவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் என்பது இந்தியச் சட்டத்தின் கெடு. அமீரகத்துக்கு வேறு கெடு உண்டு. அங்கே பிறந்த குழந்தைக்குப் பிறந்த நாளில் இருந்து 120 நாளுக்குள் குடியிருப்பு விசா எடுத்துவிட வேண்டும். தவறினால் நாள் கணக்கில் அபராதம் ஏறும்; அதைக் கட்டாமல் குழந்தையை நாட்டை விட்டு வெளியே கூட்டிப் போக முடியாது. விசா அடிக்க பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புப் பதிவு வேண்டும். பதிவுக்கு அமீரகத்தின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது.

உங்களுக்கு ஐந்து வாரம் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஏறக்குறைய 85 நாள். வார விடுமுறை, பண்டிகை விடுமுறை, ஏதாவது எழுத்துப் பிழை வந்தால் திருத்தும் நாட்கள் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். தாராளம் என்று சொல்ல முடியாது; போதும் என்று சொல்லலாம்.

முதல் படி: பிறப்புச் சான்றிதழ்

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்பு அறிவிப்புத் தாளை வைத்து, அரசு சுகாதாரத் துறையிடம் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஷார்ஜா உள்ளிட்ட வட எமிரேட்டுகளுக்கு எமிரேட்ஸ் ஹெல்த் சர்வீசஸ் இதைக் கவனிக்கிறது. துபாய்க்கும் அபுதாபிக்கும் தனித்தனித் துறைகள். பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி, அட்டஸ்டேஷன் செய்த திருமணச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். குடும்ப விசா எடுத்தபோதே திருமணச் சான்றிதழுக்கு அட்டஸ்டேஷன் முடித்திருப்பீர்கள், அதே அசல்தான்.

இங்கே ஒரு காரியத்தைத் தயவுசெய்து பொறுமையாகச் செய்யுங்கள். சான்றிதழ் அச்சாவதற்கு முன் திரையில் காட்டுவார்கள், அல்லது அச்சானதும் கையில் தருவார்கள். கவுன்டரை விட்டு நகராமல் மூன்று பெயர்களையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நம் பெயர்கள் அரபிக்குப் போய், அரபியில் இருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது உருமாறிவிடும். அரபியில் ‘ப’ ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. ‘ப்ரியா’ என்பது ஆங்கில ‘பி’க்குப் பதிலாக வேறோர் எழுத்தில் தொடங்கிவிடும். ‘ழ’, ‘ள’, ‘ல’ படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ஒரு குடும்பத்தில் தந்தை பெயரின் நடுவே ஓர் ஆங்கில ‘ஏ’ விடுபட்டிருந்தது. அந்த ஒற்றை எழுத்துக்காகச் சான்றிதழைத் திருத்தி வாங்க அவர்கள் மூன்று முறை லீவு போட்டார்கள். கவுன்டரிலேயே பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

பெற்றோர் பெயர், பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். உங்கள் மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய தந்தை பெயர்தான் பின்னால் இருக்கிறது என்றால், குழந்தையின் சான்றிதழிலும் அப்படியே வரட்டும். மரியாதைக்காக உங்கள் பெயரை அவர் பெயருடன் ஒட்ட வேண்டாம். ஒட்டினால் இரண்டு ஆவணத்தில் இரண்டு பெண்கள் ஆகிவிடுவார்கள்.

பெயர் வைப்பதில் நம் ஊர்ச் சிக்கல்

இது தமிழர்களுக்கே உரிய சங்கடம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயர், முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். விரிக்காமல் விட்டவர்களுக்கு உங்களைப் போலச் சர்நேம் கட்டம் காலியாக நிற்கும்.

இந்தியச் சட்டப்படி ஒற்றைப் பெயரில் தவறேதும் இல்லை. ஆனால் 2022 நவம்பர் 21 முதல் அமீரகம், விசிட் விசாவில் வருபவர்களின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் ஏற்பதில்லை என்று விதி போட்டது. அப்போது எத்தனையோ பேர் விமான நிலையத்தில் திரும்ப நேர்ந்தது. உங்களிடம் குடியிருப்பு விசா இருப்பதால் அந்தச் சிக்கல் உங்களைத் தொடவில்லை. மகளுக்கு அந்த நிலை வேண்டாம்.

உதாரணத்துக்கு, மகள் பெயர் யாழினி, உங்கள் பெயர் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த பெயர் கட்டத்தில் யாழினி, சர்நேம் கட்டத்தில் செந்தில்குமார். இரண்டு கட்டமும் நிறைந்துவிடும். பிறப்புச் சான்றிதழிலும் ‘யாழினி செந்தில்குமார்’ என்றே வாங்குங்கள். பள்ளிக்கூடம், ஆதார், பின்னால் பான் அட்டை என்று எல்லாவற்றுக்கும் இதே வரிசை தொடரட்டும். ஊருக்கு வந்து பள்ளியில் சேர்க்கும்போது பழக்கதோஷத்தில் ‘எஸ். யாழினி’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு ‘எஸ்’, பதினைந்து வருடம் கழித்து அவளை ஏதோ ஓர் அலுவலகப் படியில் உட்கார வைத்துவிடும்.

இரண்டாம் படி: பதிவும் பாஸ்போர்ட்டும்

துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் ஷார்ஜா வருகிறது. அஜ்மான், உம்முல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா எல்லாம் அப்படியே. அபுதாபி, அல் ஐன்காரர்கள்தான் அபுதாபித் தூதரகத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பங்களைத் தூதரகம் நியமித்த சேவை மையங்களில் கொடுப்பது நடைமுறை.

விண்ணப்பம் இரண்டு என்று நினைவில் வையுங்கள். ஒன்று, குடியுரிமைச் சட்டம் 4(1) பிரிவின் கீழ் பிறப்பைப் பதியும் படிவம். மற்றது, வெளிநாட்டுத் தூதரகங்களுக்கான பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் நிரப்பும் பாஸ்போர்ட் விண்ணப்பம். இரண்டையும் ஒரே வருகையில் கொடுத்துவிடலாம். டைப்பிங் சென்டரில் கொடுத்து நிரப்பினாலும், ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தும் முன் நீங்கள் படித்துப் பாருங்கள். அவர்கள் ஒரு நாளைக்கு நூறு படிவம் நிரப்புகிறவர்கள். உங்களுக்கு இருப்பது ஒரே மகள்.

உடன் வைக்க வேண்டியவை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் அசலும் நகலும், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட்டும் விசா பக்கமும், திருமணச் சான்றிதழ், குழந்தையின் புகைப்படங்கள், இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர்-டி. இந்த அனெக்சர்-டி என்பது, ‘எங்கள் குழந்தைக்குப் பாஸ்போர்ட் தர எங்களுக்குச் சம்மதம், சொன்ன தகவல்கள் உண்மை’ என்று பெற்றோர் தரும் உறுதிமொழி.

மனைவியின் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் இல்லாததற்காக இப்போது அதைத் திருத்தப் போகாதீர்கள். அந்த வேலைக்குப் போனால் அவருடைய பாஸ்போர்ட் அங்கே மாட்டிக்கொள்ளும். குழந்தையின் நாட்கள் கரையும். கணவன் மனைவி என்பதற்குத் திருமணச் சான்றிதழ் இருக்கிறது. அவருடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

படமும் கைரேகையும்

கைக்குழந்தையின் விண்ணப்பம் அதிகம் திரும்பி வருவது புகைப்படத்தால்தான். வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, கண் திறந்திருக்க வேண்டும், முகம் படத்தின் பெரும்பகுதியை நிறைக்க வேண்டும், நிழல் விழக் கூடாது, தாங்கிப் பிடித்திருக்கும் கை தெரியக் கூடாது. ஐந்து வாரக் குழந்தையிடம் இவ்வளவும் கேட்பது கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் வழி இருக்கிறது. பால் குடித்து ஏப்பம் விட்டு, தூக்கம் வருவதற்கு முன் ஒரு கால் மணி நேரம் குழந்தை அமைதியாக முழித்துப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அந்த நேரம் பாருங்கள். உங்கள் வெள்ளை வேட்டியை மடிப்புத் தெரியாமல் கட்டிலில் விரித்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் சமமாக விழும்படி கிடத்துங்கள். எடுப்பவர் நேர் மேலே நின்று எடுக்க வேண்டும். இன்னொருவர் கேமராவுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தை ஆட்டினால் பார்வை நேராக வரும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அந்தப் படத்துக்கு மட்டும் துடைத்துவிடுங்கள். எடுத்து முடித்த கையோடு வைத்துவிடலாம். அளவுக்கு வெட்டி அச்சிடுவதை ஸ்டுடியோவில் விட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரல் ரேகை. ஆண் குழந்தைக்கு இடது கை, பெண் குழந்தைக்கு வலது கை. இந்த வயதில் கை எப்போதும் மூடியே இருக்கும். வலிந்து பிரித்தால் அழும், ரேகை இழுபட்டு மை தீற்றலாகிவிடும். நல்ல தூக்கத்தில் விரல்கள் தானாகத் தளரும். மை அட்டையில் லேசாகத் தொட்டு, வேறு தாளில் இரண்டு முறை பழகிப் பார்த்துவிட்டு, கட்டத்தின் கோட்டில் படாமல் நடுவில் ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மை போய்விடும். அவள் வாயில் வைக்கும் விரல் அது, மறந்துவிடாதீர்கள்.

கையில் வந்த பிறகு

பிறப்புப் பதிவுக்குத் தூதரகம் தரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுப் பத்திரத்தை எப்படி வைப்பீர்களோ அப்படி. அவள் இந்தியக் குடிமகள் ஆனது எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று நாளை யாராவது கேட்டால் காட்ட வேண்டிய காகிதம் அதுதான். கல்லூரி, அரசுத் தேர்வு, அவளுக்கே பிள்ளை பிறக்கும் காலம் என்று அந்தத் தேவை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். அது முடிவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே புதுப்பித்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பயணத்திலும் விசாவிலும் தடை வரும். பாஸ்போர்ட் வந்ததும் ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் விசாவையும் எமிரேட்ஸ் ஐடியையும் முடியுங்கள்.

கடவுள் புண்ணியத்தில் வேண்டியிருக்காது. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். பாஸ்போர்ட் வருவதற்குள் ஊரில் அப்பாவுக்கு ஏதாவது அவசரம் என்றால், ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு நேராகத் தூதரகத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். அவசரச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும். அதில் வந்துவிட்டால் ஊரில் பாஸ்போர்ட் எடுத்து, புதிதாக விசா எடுத்துத்தான் திரும்ப வேண்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

கடைசியாக, ஊரில் பிறந்ததாகச் சான்றிதழ் வாங்கச் சொன்ன அந்த நண்பர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் தம்பி, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பாஸ்போர்ட்டுக்குத் தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. குடியுரிமைக்காகப் பொய் சொன்னால் குடியுரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை. தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும். ஷார்ஜா ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் ஒரு பிறப்பு, பட்டுக்கோட்டைப் பதிவேட்டில் அதே குழந்தைக்கு இன்னொரு பிறப்பு என்று இருந்தால், என்றைக்காவது இரண்டும் ஒரே மேஜைக்கு வரும். அன்று பதில் சொல்ல வேண்டியவள் உங்கள் மகள். நேர் வழியே இவ்வளவு திறந்து கிடக்கும்போது அவளுக்கு ஏன் அந்தச் சுமை?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கிறோம். மகன் இங்கே பிறந்தான். அவனுக்கு இந்திய பாஸ்போர்ட் எடுக்கலாமா, ஓ.சி.ஐ. (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை போதுமா?

— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: உங்கள் மகன் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். அமெரிக்கக் குடிமக்கள் அந்நாட்டை விட்டுப் போகவும் உள்ளே வரவும் அமெரிக்க பாஸ்போர்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இந்தியாவோ, வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் பிறப்பைப் பதியும். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க முடியாது. யாராவது ‘மறைத்துவிடலாம்’ என்றால் கேட்காதீர்கள். அங்கேயே வாழப் போகிறீர்கள் என்றால் அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும்தான் சரி. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலே குழந்தைக்கு ஓ.சி.ஐ. கிடைக்கும்.

ஆனால் ஓ.சி.ஐ. என்பது குடியுரிமை ஆகாது. ஓட்டுரிமை இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. நம் பெற்றோர்கள் பலரும் பின்னால் தெரிந்துகொண்டு வருந்தும் ஒன்றும் உண்டு. 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளில் ஓ.சி.ஐ. பிள்ளைகளுக்கு வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்கள்தான். இரண்டு மூன்று வருடத்தில் ஊருக்கே திரும்பிவிடும் எண்ணம் இருந்தால், இதையெல்லாம் கணவரோடு உட்கார்ந்து பேசி, ஓராண்டு முடிவதற்குள் முடிவெடுங்கள்.

கேள்வி: கத்தாரில் நர்ஸாக இருக்கிறேன். மகள் பிறந்து நான்கு மாதம். கணவர் எங்களை விட்டு ஊருக்குப் போய்விட்டார்; கையெழுத்துப் போட மறுக்கிறார். குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுக்க முடியாதா?

— ஒரு வாசகி, தோஹா

பதில்: முடியும் அம்மா. கலங்காதீர்கள். 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியபோதே, விண்ணப்பத்தில் தாய், தந்தை, பாதுகாவலர் இவர்களில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று வந்துவிட்டது. இருவர் சம்மதமும் கிடைக்காதபோது கொடுப்பதற்கென்றே அனெக்சர்-சி இருக்கிறது. ‘இந்தக் காரணத்தால் தந்தையின் சம்மதம் பெற முடியவில்லை, குழந்தை என் பொறுப்பில் இருக்கிறாள்’ என்று அதில் உறுதிமொழி தர வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கணவருக்கு அனுப்பிய செய்திகள், அவர் மறுத்த பதில் ஏதாவது இருந்தால் நகல் வையுங்கள். நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறப்புப் பதிவையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். அவர் மனம் மாறட்டும் என்று காத்திருந்து ஓராண்டைக் கடந்துவிடாதீர்கள். அவருடைய கோபத்துக்குக் குழந்தையின் குடியுரிமை விலையாகக் கூடாது.

கேள்வி: மகன் மஸ்கட்டில் பிறந்து ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. வேலை மாறியது, வீடு மாறியது, இப்படியே தள்ளிப் போய்விட்டது. தூதரகத்தில் இன்னும் பதியவில்லை. இனி வழியே இல்லையா?

— ஒரு வாசகர், மஸ்கட்

பதில்: வழி இருக்கிறது, நீளம் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஓராண்டு கடந்த பதிவுக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். நீங்கள் போவது அதே தூதரகத்துக்குத்தான். அங்கிருந்து விண்ணப்பம் உள்துறை அமைச்சகத்துக்குப் போய் அனுமதியோடு திரும்பி வர வேண்டும். இதற்கு மாதங்கள் பிடிக்கும். தாமதத்துக்கான காரணத்தை நேர்மையாக ஒரு கடிதமாக எழுதி, வேலை மாறிய ஒப்பந்தம், வீட்டு வாடகைப் பத்திரம் என்று ஆதாரம் இருப்பதை எல்லாம் இணையுங்கள். மகனுக்கு வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியும் வேண்டும்.

குடும்பத்தோடு ஊரில் குடியேறவே திரும்புகிறவர்களுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்து அங்கே பதியப்படாத குழந்தையின் பிறப்பை, குழந்தை இந்தியா வந்த 60 நாளுக்குள் இங்கே பதியலாம். ஆனால் இது பிறப்புப் பதிவேட்டுக்கானது. குடியுரிமைச் சட்டம் கேட்கும் தூதரகப் பதிவின் இடத்தை இது பிடிக்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை போய் வேலை தேடும் காலத்தில் எந்தத் தகப்பனுக்கும் இது நினைவில் நிற்காது. ஆனால் இனி ஒரு வாரமும் தள்ளாதீர்கள். பதினாறு மாதத்துக்குக் காரணம் எழுதுவது, இருபத்து நான்கு மாதத்துக்கு எழுதுவதைவிடச் சுலபம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மகனின் பிறப்புச் சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடி எடுத்து, மேஜை மேல் கண்ணில் படும்படி வையுங்கள். மறுநாள் காலை அங்கிருந்து தொடங்கலாம்.